அடிபட வேண்டியது பெட்டி... பொம்மை அல்ல!

போன வருடம் நவராத்திரிக்கு நான்கு நாள் முன்பு, எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அக்கா ஒரு போட்டோ போட்டாள். செட்டியார் பொம்மை. தலை தனி, உடம்பு தனி.

அது பாட்டி காலத்து பொம்மை. செட்டியாரும் அவர் மனைவியும் கடை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் அரிசி, பருப்பு, மிளகு வைப்பது சின்ன வயதில் என் வேலை. அக்காவுக்குக் கல்யாணமாகி புனேயில் அவள் வைக்கும் முதல் கொலு. 'பாட்டி பொம்மை ஒண்ணாவது அவகிட்ட இருக்கட்டும்' என்று கும்பகோணத்திலிருந்து அம்மா ஆசையாக அனுப்பி வைத்தாள்.

போட்டோவைப் பார்த்துவிட்டு அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. அப்பாதான் கூரியர்காரர்களைத் திட்டித் தீர்த்தார். "பெட்டியோட நாலு பக்கமும் 'உடையும் பொருள்'னு கொட்டை எழுத்துல எழுதினேனே!" என்பதுதான் அவருடைய ஆதங்கம். நானும் சேர்ந்து திட்டினேன். அக்கா ஃபெவிகால் போட்டு ஒட்டி, கழுத்தில் ஒரு மாலையைச் சுற்றிச் செட்டியாரைப் படியில் உட்கார வைத்தாள். போட்டோவில் தெரியவில்லை. ஆனால் எங்களுக்குத் தெரியுமே!

இந்த வருடம் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, பாட்டியின் புல்லாங்குழல் கிருஷ்ணனை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள் அம்மா. அம்மா பிறந்த வருடம் பாட்டி வாங்கிய பொம்மை அது. "இதை அக்காவுக்கு அனுப்பலாமா?" என்று கேட்டேன். "வேணாம்டி. நான் நேர்ல போறப்போ மடியில வச்சு எடுத்துட்டுப் போறேன்" என்றாள். அம்மா புனே போவது எப்போது? முழங்கால் வலி அவளை மாயவரம் வரைக்கும்கூட விடுவதில்லை.

அப்போதுதான் முடிவு செய்தேன். இந்த முறை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு அனுப்புவது என்று. கற்றுக்கொண்டதை இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன். கொலு பொம்மைதான் என்றில்லை. ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு முறுக்கு, வெளியூரில் இருக்கும் மகளுக்கு ஊறுகாய், வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் பொருள் என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

தப்பு எங்கே நடந்தது?

முதலில் அக்கா அனுப்பிய பழைய போட்டோக்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் தெரு முனையில் ஓர் அக்கா வீட்டிலிருந்தே வாட்ஸ்அப் மூலம் கொலு பொம்மை விற்கிறார். வெளிமாநிலங்களுக்கும் அனுப்புகிறார். அவரிடம் போட்டோக்களைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார்.

"மிக்ஸி வந்த பெட்டியாம்மா இது? பொம்மை இவ்ளோண்டு, பெட்டி எவ்ளோ பெருசு பாரு. பேப்பரை மடிச்சு மடிச்சு வச்சிருக்கீங்க. போற வழியில அது அமுங்கி அடியில போயிருக்கும். அப்புறம் பொம்மை உள்ள ஊஞ்சல் ஆடியிருக்கும். கழுத்துதான்மா எப்பவும் முதல்ல போகும்" என்றார்.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஒரு வருடமாக யாரையோ திட்டிக்கொண்டிருந்தோமே!

ஒரு பார்சல் எப்படிப் பயணம் செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கவுன்ட்டரில் எடை போட்டு வாங்குகிறார்கள். அங்கிருந்து வண்டி. பிறகு பார்சல்களை ஊர் வாரியாகப் பிரிக்கும் இடம். அங்கிருந்து லாரி, ரயில் அல்லது விமானம். போய்ச் சேரும் ஊரில் மறுபடியும் பிரிப்பது. கடைசியாக டெலிவரி செய்பவரின் பைக். ஒவ்வோர் இடத்திலும் யாராவது தூக்கி, இறக்கி, அடுக்குகிறார்கள். நம் பெட்டிக்கு மேலே என்ன உட்காரும் என்பது யாருக்கும் தெரியாது. தலைகீழாகவும் போகலாம். ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே, ஒவ்வொன்றிலும் எழுதியிருப்பதைப் படிக்க யாருக்கு நேரம்?

'உடையும் பொருள்' என்று எழுதுவது ஒரு வேண்டுகோள். எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் அதை ஒருவருமே படிக்காவிட்டாலும் பொருள் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும். அப்படிப் பேக் செய்வதுதான் நம் வேலை. பெட்டி என்பது பொருளைப் போட்டு எடுத்துப் போகும் பை இல்லை. பொருளுக்குப் பதிலாக அடி வாங்கிக்கொள்ளும் காவல்காரன்.

அட்டைக்குள் இருக்கும் அலை

ஓர் அட்டைப்பெட்டியின் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். இரண்டு சமமான தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் இருக்கும். அந்த நெளிவுதான் பெட்டியின் பலம். மேலிருந்து விழும் பாரத்தையும், பக்கத்திலிருந்து வரும் இடியையும் அதுதான் தாங்குகிறது.

இதன் கதையும் சுவாரஸ்யமானது. நெளித்த தாளுக்கு முதன்முதலில் காப்புரிமை வாங்கியது 1856-ல் இங்கிலாந்தில். எதற்காகத் தெரியுமா? அந்தக் காலத்து உயரமான தொப்பிகளுக்குள் வைக்க! 1871-ல் அமெரிக்காவைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ், பாட்டில்களையும் விளக்குச் சிம்னிகளையும் உடையாமல் அனுப்ப இதைப் பயன்படுத்தலாம் என்று காப்புரிமை பெற்றார். ஆக, உடையும் பொருளைச் சுற்றத்தான் இந்த அட்டையே பெட்டி உலகத்துக்குள் வந்தது.

கடையில் கேட்கும்போது '3 ப்ளை', '5 ப்ளை', '7 ப்ளை' என்பார்கள். நடுவில் ஓர் அலை இருந்தால் 3 ப்ளை. இரண்டு அலைகள், மூன்று தாள்கள் இருந்தால் 5 ப்ளை. மூன்று அலைகள் இருந்தால் 7 ப்ளை. துணிமணி, புத்தகம் போல உடையாத, எடை குறைந்த பொருளுக்கு 3 ப்ளை போதும். உடையும் பொருள், ஊறுகாய் பாட்டில், எடை அதிகமானவை என்றால் 5 ப்ளை கேட்டு வாங்குங்கள். 7 ப்ளை இயந்திர பாகங்கள் மாதிரி கனமானவற்றுக்கு. நமக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

இன்னொரு விஷயம். பெட்டியின் சுவர்களில் அந்த அலைகள் மேலிருந்து கீழாக ஓடும். தூண் மாதிரி நின்று பாரம் தாங்குவதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். பெட்டியைப் படுக்க வைத்தால் அந்தப் பலம் குறைந்துவிடும். பலத்தின் பெரும்பகுதி மூலைகளிலும் விளிம்புகளிலும்தான் இருக்கிறது. எனவே மூலை நசுங்கிய பெட்டி, பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், வேண்டாம். ஈரம் பட்ட பெட்டியும் வேண்டாம். காய்ந்தபிறகு பழையபடி தெரியும். ஆனால் தளர்ந்துபோன அட்டைக்குப் பழைய பலம் திரும்பாது.

பெட்டி எங்கே கிடைக்கும்?

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. எங்கள் தெருவிலேயே எத்தனை இடங்கள் இருக்கின்றன என்று அப்பாவும் நானும் ஒரு ரவுண்டு போய்ப் பார்த்தோம்.

ஜெராக்ஸ் கடை: ஏ4 பேப்பர் கட்டுகள் வரும் பெட்டி அருமையானது. ஒரு கட்டே 2 கிலோவுக்கு மேல் இருக்கும். பத்துக் கட்டுகள் கொண்ட பெட்டி என்றால் 20 கிலோவுக்கு மேல் சுமந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுக்கிறார்கள்.

மருந்துக் கடை: சிறிய, கெட்டியான, சுத்தமான பெட்டிகள். சிரப் பாட்டில்கள் வந்த பெட்டியில் நடுவே அட்டைத் தடுப்புகள் இருந்தால் விடாதீர்கள். பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதாமல் அனுப்ப அதைவிட நல்லது கிடையாது.

மளிகைக் கடை, சூப்பர் மார்க்கெட்: பிஸ்கட், எண்ணெய் பாக்கெட் வந்த பெட்டிகள் கிடைக்கும். எண்ணெய்க் கறை இருந்தால் தவிர்க்கவும். சோப்பு, ஊதுபத்தி வந்த பெட்டியில் தின்பண்டம் வைக்கவே வைக்காதீர்கள். முறுக்கு மல்லிகைப்பூ வாசனை அடிக்கும்!

பழைய பேப்பர் கடை: விதவிதமான அளவுகள் கிடைக்கும். குறைந்த விலை. ஆனால் கரப்பான்பூச்சி முட்டை இருக்கிறதா என்று மடிப்புகளைப் பிரித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

அஞ்சலகம்: தமிழகத்தின் பல தலைமை அஞ்சலகங்களில் பார்சல் பேக்கிங் வசதி இருக்கிறது. பொருளைக் கொண்டுபோனால், கட்டணம் வாங்கிக்கொண்டு பெட்டியில் போட்டு ஒட்டித் தருகிறார்கள். வயதானவர்களுக்கு இது பெரிய உதவி. உங்கள் ஊரில் இருக்கிறதா என்று ஒரு முறை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்க: தொழிலாகச் செய்பவர்கள் ஒரே அளவில் 25, 50 என்று கட்டாக ஆன்லைனில் வாங்கலாம். அல்லது உங்கள் ஊரில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் இடத்தில் நேரடியாகக் கேட்கலாம். அளவு சொன்னால் செய்து தருவார்கள்.

பழக்கூடைக் கடையில் கிடைக்கும் ஆப்பிள் பெட்டி மட்டும் வேண்டாம். காற்றுப் போக ஓட்டைகள் இருக்கும், ஈரமும் குடித்திருக்கும். ஸ்வீட் பெட்டி, புடவைப் பெட்டி, செருப்புப் பெட்டி எல்லாம் உள்பெட்டியாக வைக்க மட்டுமே உதவும். அவற்றை அப்படியே அனுப்பக் கூடாது.

எந்தப் பழைய பெட்டியாக இருந்தாலும் ஒரு சின்னப் பரீட்சை வைக்கிறேன். மூலையைக் கட்டைவிரலால் அழுத்துவேன். உடனே உள்ளே போனால் அது ஃபெயில். சுவரின் நடுவே மடிப்புக் கோடு இருந்தாலும் ஃபெயில். ஒரு முறை நசுங்கிய அலை மறுபடி எழுந்து நிற்காது.

பெரிய பெட்டி, பெரிய செலவு

'பெட்டி பெரிதாக இருந்தால் நல்லதுதானே?' என்று நானும் நினைத்திருந்தேன். இரண்டு நஷ்டம். ஒன்று, உள்ளே காலியிடம் கூடும். இரண்டாவது, காசு.

கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி வண்டியில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்றும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுப்பார்கள். வருகிற எண்தான் 'வால்யூம் எடை'. உண்மையான எடை, வால்யூம் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். வகுக்கும் எண் இடத்துக்கு இடம் மாறலாம் என்பதால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எங்கள் மிக்ஸி பெட்டி 45 × 35 × 30 செ.மீ. பெருக்கி வகுத்தால் 9.45 கிலோ. உள்ளே இருந்த பொம்மையோ 2 கிலோ கூட இல்லை. போன வருடம் ஏன் அவ்வளவு பணம் கேட்டார்கள் என்று இப்போதுதான் புரிந்தது!

பொருளுக்குச் சரியான பெட்டியைக் கண்டுபிடிப்பது சுலபம். பொருளைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ., அதாவது 2 இன்ச், இடம் இருக்க வேண்டும். மேலேயும் கீழேயும்கூட. அதற்கு மேல் தேவையில்லை.

பாட்டி பொம்மை என்பதால் நான் 'பெட்டிக்குள் பெட்டி' முறைக்குப் போனேன். கிருஷ்ணன் 18 செ.மீ. உயரம், 12 செ.மீ. அகலம். அவருக்கு 22 × 16 × 16 அளவில் மருந்துக் கடையிலிருந்து ஓர் உள்பெட்டி. அதைச் சுற்றி 5 செ.மீ. இடம் விட்டு 32 × 26 × 26 அளவில் ஒரு புது 5 ப்ளை பெட்டி. வால்யூம் எடை 4.3 கிலோ. இரண்டு பெட்டி போட்டும் போன வருடத்தில் பாதிகூட வரவில்லை.

"பொரி போடலாமாடி?"

பேக்கிங் நாள். கூடத்தில் பாயை விரித்து, அம்மாவும் நானும் உட்கார்ந்தோம். அம்மாவின் முதல் கேள்வி: "உள்ள ரொப்ப பொரி போடலாமாடி? வீட்ல நிறைய இருக்கு."

ஐடியா மோசமில்லை. பொரி லேசானது, இடத்தையும் அடைக்கும். ஆனால் எறும்பு வரும், எலி வரும், ஈரம் பட்டால் கூழாகும். அம்மாவைச் சமாதானப்படுத்தி பழைய செய்தித்தாள்களை எடுத்தோம்.

முதலில் ஒரு விஷயம். செய்தித்தாளை நேராகப் பொம்மையில் சுற்றாதீர்கள். மை ஒட்டும். அப்பாவின் பழைய பருத்தி வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து முதல் சுற்று சுற்றினோம். டிஷ்யூ பேப்பரும் நல்லதுதான்.

அடுத்தது தெரு முனை அக்கா சொல்லிக்கொடுத்த ரகசியம். பொம்மையில் எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ, அதை முதலில் நிரப்ப வேண்டும். கிருஷ்ணனின் கைக்கும் மார்புக்கும் நடுவில், புல்லாங்குழலுக்குக் கீழே, கழுத்தைச் சுற்றி, கால்களுக்கு நடுவில் என்று எல்லா இடத்திலும் டிஷ்யூ பேப்பரை மெதுவாகத் திணித்தோம். "கை எது, கழுத்து எதுன்னே தெரியக் கூடாது. பொட்டலம் உருளையா வரணும்" என்று அவர் சொல்லியிருந்தார். நீட்டிக்கொண்டிருக்கும் பாகம்தான் உடையும். நீட்டிக்கொண்டே இல்லாவிட்டால் எது உடையும்?

அதன்மேல் பபிள் ரேப், குமிழ்கள் உள்பக்கம் இருக்கும்படி இரண்டு சுற்று. இந்த பபிள் ரேப்பும் ஒரு தோல்வியிலிருந்து வந்ததுதான். 1957-ல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் சவான் என்ற இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்யப் பார்த்தார்கள். அது விலைபோகவில்லை. பிறகுதான் கம்ப்யூட்டர்களைப் பத்திரமாக அனுப்ப உதவும் என்று கண்டுபிடித்தார்கள். வீட்டில் பபிள் ரேப் இல்லையென்றால் பழைய காட்டன் புடவைத் துண்டு, துப்பட்டா போதும். ஆனால் துணி போகப் போக அமுங்கும் என்பதால் இறுக்கமாகச் சுற்ற வேண்டும்.

இப்போது செய்தித்தாள். போன வருடம் மடித்து வைத்தோம். அதுதான் தப்பு. மடித்த தாள் கல் மாதிரி. அடியை அப்படியே பொம்மைக்குக் கடத்தும். ஒவ்வொரு தாளாக எடுத்துக் கசக்கி, உருண்டையாக்கிப் போட வேண்டும். உருண்டைக்குள் இருக்கும் காற்றுதான் மெத்தை. அடியில் 5 செ.மீ. உயரத்துக்கு உருண்டைகள். நடுவில் உள்பெட்டி. நான்கு பக்கமும், மேலேயும் உருண்டைகள். மூடியை அழுத்தி மூடும் அளவுக்கு நிறைந்திருக்க வேண்டும். ஆனால் பெட்டி உப்பக் கூடாது.

மூடியபிறகு ஒட்டும் முன் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். லேசாக 'தட்' என்று கேட்டாலும், ஏதோ நகர்வதாகத் தோன்றினாலும் திறந்து இன்னும் நிரப்புங்கள். எங்களுக்கு முதல் தடவை சத்தம் கேட்டது. மூன்றாவது தடவைதான் பாஸ். அம்மாவே ஆட்டிப் பார்த்துவிட்டு "கிருஷ்ணா, அசையாம இரு" என்றாள்.

அந்தக் கற்பூரம் வேண்டாம் அம்மா!

ஒட்டப்போகும் நேரத்தில் அம்மா சமையலறையிலிருந்து ஒரு பையோடு வந்தாள். குங்குமம், மஞ்சள் கிழங்கு, ஒரு பாக்கெட் கற்பூரம், ஒரு தீப்பெட்டி, ஒரு சிறிய பாட்டில் ஆவக்காய். "இடம்தான் இருக்கே!"

குங்குமமும் மஞ்சளும் சரி. கற்பூரமும் தீப்பெட்டியும் கூடவே கூடாது. இரண்டும் எளிதில் தீப்பற்றும் பொருட்கள். பட்டாசு, லைட்டர், சென்ட், பவர் பேங்க் போன்றவற்றுக்கும் தடையோ கட்டுப்பாடோ உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று கவுன்ட்டரில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ஒரு சின்னத் தீப்பெட்டியால் ஒரு வண்டி பார்சலுக்கும் ஆபத்து வரலாம்.

ஆவக்காயையும் மறுத்துவிட்டேன். கண்ணாடி பாட்டிலும் மண் பொம்மையும் ஒரே பெட்டியில் போனால் ஒன்று மற்றதற்கு எமன். ஊறுகாயைத் தனியாக அனுப்புவதாக இருந்தால் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வாயில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்து மூடியை இறுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு ஜிப் கவர்களுக்குள் நிமிர்த்தி வைக்க வேண்டும். திரவங்களை ஏற்றுக்கொள்கிறார்களா என்றும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முறுக்கு, தட்டைக்கு எவர்சில்வர் அல்லது கெட்டியான பிளாஸ்டிக் டப்பா. விளிம்பு வரை நிரப்பி, மிச்ச இடத்தில் டிஷ்யூ பேப்பரைத் திணித்து மூடினால் முறுக்கு முறுக்காகவே போய்ச் சேரும். கவரில் போட்டு அனுப்பினால் போய்ச் சேருவது பொடி!

டேப்பும் முகவரியும்

ஆபீஸ் செலோ டேப் இதற்கு லாயக்கில்லை. 2 இன்ச் அகல பிரவுன் டேப் வாங்குங்கள். மூடிகள் சேரும் நடுக்கோட்டில் ஒன்று, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று. மேலிருந்து பார்த்தால் ஏணியில் ஒரு படி மாதிரி தெரியும். அடியிலும் அதேபோல மூன்று. நடு டேப் இரு பக்கச் சுவர்களிலும் 2 இன்ச்சாவது இறங்கியிருக்க வேண்டும். போன வருடம் எங்கள் பெட்டி அடியில் பிரிந்ததற்கு ஒரே ஒரு டேப் போட்டதுதான் காரணம்.

சணல் கயிறு கட்டாதீர்கள். பிரிக்கும் இடங்களில் இயந்திரத்திலோ வேறு பெட்டியிலோ மாட்டிக்கொள்ளும். "எங்க காலத்துல வெள்ளைத் துணியில வச்சு கோணி ஊசியால தைச்சு, அரக்கு வச்சு சீல் போடுவோம்" என்று அப்பா ஆரம்பித்தார். அந்த அழகே தனிதான். இப்போது டேப் போதும்.

பழைய பெட்டி என்றால் அதில் இருக்கும் பழைய முகவரி, பார்கோடு எல்லாவற்றையும் கிழித்தெடுங்கள். முடியாவிட்டால் கறுப்பு மார்க்கரால் அடித்துவிடுங்கள். இயந்திரம் பழைய பார்கோடைப் படித்தால் உங்கள் பார்சல் வேறு ஊர் சுற்றும்.

முகவரியில் பின்கோடை இரண்டு தடவை சரிபாருங்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான இந்த ஆறு இலக்கங்களில் முதல் மூன்று, பார்சல் எந்த வட்டாரத்துக்குப் போக வேண்டும் என்று சொல்கிறது. கும்பகோணம் 612, புனே 411. கடைசி மூன்று, எந்த அஞ்சலகம் டெலிவரி செய்ய வேண்டும் என்பது. ஓர் எண் மாறினால் ஊரே மாறலாம். பெறுபவர், அனுப்புபவர் இருவரின் போன் நம்பரும் வேண்டும். எழுத்தின் மேல் அகலமான டிரான்ஸ்பரன்ட் டேப் ஒட்டினால் மழையில் மை கரையாது. அதே முகவரியை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளும் போடுங்கள். வெளியில் ஒட்டியது கிழிந்துபோனாலும் பார்சல் அநாதை ஆகாது.

கடைசியாக, பேக் செய்யும் முன்பும் செய்யும்போதும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த பொருள் என்றால் இன்ஷூரன்ஸ் வசதி உண்டா என்று கேளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பெறுபவர் வீடியோ எடுத்துக்கொண்டே பிரிக்கட்டும். உடைந்திருந்தால் பெட்டியையும் பேக்கிங்கையும் தூக்கிப் போடக் கூடாது. புகார் கொடுக்கும்போது அவைதான் சாட்சி. ஆனால் ஒன்று. எந்த இன்ஷூரன்ஸும் பாட்டி பொம்மையைத் திருப்பித் தராது. அதனால்தான் பெட்டிக்குள் பெட்டி.

புனேயிலிருந்து வீடியோ கால்

வேண்டுமென்றே, போன வருடம் அனுப்பிய அதே கூரியரில்தான் கொடுத்தேன். அப்பா முறைத்தார். அம்மா ஐந்து நாளும் சரியாகத் தூங்கவில்லை என்று நினைக்கிறேன். காலையில் எழுந்ததும் "எங்க இருக்காம்?" என்று என் போனைப் பிடுங்கிப் பார்ப்பாள்.

ஆறாவது நாள் அக்கா வீடியோ காலில் வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு மூலை நன்றாக நசுங்கி, உள்ளே போயிருந்தது. எங்கேயோ விழுந்திருக்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா டேப்பை அறுத்தாள். காகித உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். உள்பெட்டியில் ஒரு கீறல் இல்லை. பபிள் ரேப், அப்பாவின் வேட்டித் துணி, டிஷ்யூ பேப்பர்... கடைசியில் கிருஷ்ணன். புல்லாங்குழல், கை, கழுத்து எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

அடி விழத்தான் செய்தது. பெட்டி வாங்கிக்கொண்டது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்றாதடி. அடுத்த வருஷம் தசாவதாரம் அனுப்பணும்" என்றாள்.

மூலை நசுங்கிய பெட்டி மறுபடி அனுப்ப உதவாது என்று இத்தனை நேரம் உங்களுக்குச் சொன்னேனே, அதை அம்மாவிடம் அன்று சொல்லவில்லை. பண்டிகை முடிந்ததும் அந்தப் பெட்டியிலேயே கிருஷ்ணனை வைத்துப் பரணில் ஏற்றும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். தசாவதாரத்துக்குப் புதுப் பெட்டி வாங்கிவிடலாம். பத்துப் பேர் அல்லவா? இப்போதிருந்தே மருந்துக் கடை அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்!